அப்பா ஊருக்கு, சித்தப்பா வயலுக்கு: பல வருடம் கழித்துக் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அப்பா போன பிறகு ஊர்ப்பக்கம் போவது குறைந்து, நின்றே போய், பதினான்கு வருடம் ஆகிவிட்டது. பெரியவளுக்குப் பத்து வயது, சின்னவனுக்கு ஏழு. நெல் எப்படி விளைகிறது என்று அவன் யூடியூபில் பார்த்துக்கொண்டிருந்த அன்றுதான் உறைத்தது. சென்னையிலிருந்து கிளம்பிப் போனோம். போன இடத்தில் செய்யக்கூடாத எல்லாவற்றையும் செய்தோம். அடுத்த வருடம் மறுபடி போனபோது பரவாயில்லை. இரண்டு பயணத்திலும் பட்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன்.

எங்களுடையது கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவே உள்ள நெல் கிராமம். உங்களுடையது கொங்குப் பக்கம் மஞ்சளும் தென்னையும் என்றால் பயிர்க் கணக்கு மாறும். உறவுக் கணக்கு பெரிதாக மாறாது.

1. தேதியை வயலைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

நம் லீவு பார்த்துத் தேதி குறிப்பதுதான் முதல் தவறு. நான் மூன்று நாள் லீவு கிடைத்தது என்று தை கடைசி வாரம் போனேன். டெல்டாவில் அது சம்பா அறுவடை உச்சத்தில் இருக்கும் சமயம். அறுவடை மிஷினுக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கூப்பிடுவதால் அது எப்போது நம் வயலுக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. ராத்திரி பதினோரு மணிக்கு வந்தாலும் போய் நிற்க வேண்டும். அறுத்த பிறகும் வேலை முடியாது. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டார்கள். அதனால் களத்தில் கொட்டிக் காய வைத்து, முறை வரும்வரை இரவும் பகலும் காவல் இருக்க வேண்டும். சித்தப்பா இரண்டு ராத்திரி அங்கேயேதான் படுத்திருந்தார். மூன்று நாளில் அவரோடு நான் உட்கார்ந்து பேசியது ஒரு மணி நேரம் இருக்கும்.

போனில் "எப்போ வரலாம்?" என்று கேட்காதீர்கள். "உன் வீடுய்யா, எப்ப வேணாலும் வா" என்பதுதான் பதில். வேறு பதில் சொல்ல அவர்களுக்கு வாய் வராது. "அறுப்பு எப்போ? மிஷின் எப்போ வருது?" என்று கேளுங்கள். அந்தப் பதிலை வைத்து நீங்களே தள்ளி வையுங்கள்.

என் கணக்கு இது. பொங்கல் நான்கு நாள் நல்லது. உறவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும், அந்த வாரம் அறுப்பு விழாமல் இருந்தால். ஐப்பசி, கார்த்திகை வேண்டாம்; வடகிழக்குப் பருவமழையில் வயலில் தண்ணீர் தேங்கினால் வீடே கவலையில் இருக்கும், அங்கே போய் நாம் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க முடியாது. மே மாதம் பிள்ளைகளுக்கு லீவு, ஊர்க்காரர்களுக்கும் ஓய்வு. ஆனால் வாய்க்கால் வறண்டிருக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12இல் திறப்பார்கள், ஜனவரி 28இல் மூடுவார்கள். அணையில் தண்ணீர் இருப்பைப் பொறுத்து இது முன்பின் ஆகும். பிள்ளைகள் வாய்க்காலில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்றால் ஆடி மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு போதும்.

2. யாருக்கு முதலில் சொல்வது

மூத்தவருக்கு. இதில் யோசிக்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் நல்ல பழக்கம் இருக்கிறதே என்று நான் சித்தப்பா மகனிடம் முதலில் சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு அவன் மூலமாகச் செய்தி போயிற்று. போய் இறங்கியதும் பெரியப்பா கேட்ட முதல் கேள்வி, "எனக்கெல்லாம் போன் நம்பர் இல்லையா தம்பி?" அதைச் சரிக்கட்ட ஒரு நாள் ஆனது.

முதலில் பெரியப்பாவுக்கு, அதே நாளில் சித்தப்பாவுக்கு, அப்புறம் அத்தைக்கு. பிறகு பெரியம்மாவையும் சித்தியையும் தனியாகப் போனில் பிடியுங்கள். எத்தனை பேர், எத்தனை நாள், யார் கறி சாப்பிட மாட்டார்கள், எந்த வீட்டில் மேற்கத்திய கழிப்பறை இருக்கிறது என்பதெல்லாம் அவர்களிடம்தான் பேச முடியும். கழிப்பறையைப் பற்றிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். முழங்கால் வலி உள்ள என் அம்மாவுக்காக நான் கேட்கத் தயங்கினேன். கடைசியில் அவர் மூன்று நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்.

எந்த வீட்டில் தங்குவது என்பதையும் கிளம்பும் முன்பே பேசிவிடுங்கள். படுக்கை ஒரு வீடு, மதியச் சாப்பாடு ஒரு வீடு, இரவு ஒரு வீடு என்று பிரித்தால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

3. டிக்கெட்: போவதற்கும் வருவதற்கும் தனித்தனி நாள்

ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்பு காலை 8 மணிக்குத் திறக்கும். பொங்கல் ஜனவரி 15 என்றால் 13ஆம் தேதி ராத்திரி வண்டிக்கு நவம்பர் 14 காலை உட்கார வேண்டும். பலரும் தடுக்கி விழுவது திரும்பும் டிக்கெட்டில்தான். ஜனவரி 18 ராத்திரி திரும்புவதற்கு நவம்பர் 19இல்தான் திறக்கும். போகும் டிக்கெட் கிடைத்த சந்தோஷத்தில் அந்த நாளை மறந்துவிடுவோம். நான் மறந்தேன். ஆம்னி பஸ்ஸில் சாதாரண நாளின் மூன்று மடங்கு கொடுத்து வந்தேன். போனில் இரண்டு தேதிக்கும் அலாரம் வையுங்கள்.

ஐஆர்சிடிசி கணக்கை ஆதாரோடு முன்பே இணைத்துச் சரிபார்த்து வையுங்கள். 2025 ஜூலையிலிருந்து ஆன்லைன் தட்கலுக்கு அது கட்டாயம். முன்பதிவு திறக்கும் நேரத்துக்கும் அதே நிபந்தனை வந்துவிட்டது. அன்று காலை 7.55க்கு உட்கார்ந்து இணைக்க முயன்றால் ஓடிபி வருவதற்குள் டிக்கெட் போய்விடும். தட்கல் முந்தின நாள்தான். ஏசிக்குப் பத்து மணி, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. பொங்கலுக்கு அதை நம்பாதீர்கள். காத்திருப்புப் பட்டியல் டிக்கெட்டை வைத்து ஸ்லீப்பரில் ஏறிச் சமாளிக்கலாம் என்ற பழைய கதையும் இப்போது நடக்காது.

பிள்ளைகளுக்கு ஐந்து வயதுக்குக் கீழே டிக்கெட் வேண்டாம். ஐந்திலிருந்து பன்னிரண்டு வயது ஆகும்வரை, படுக்கை கேட்டால் முழுக் கட்டணம், வேண்டாம் என்றால் பாதி. ராத்திரிப் பயணத்துக்குப் படுக்கை வாங்கிவிடுங்கள். பாதியை மிச்சம் பிடித்து முதுகைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

மன்னை எக்ஸ்பிரஸ், உழவன் எக்ஸ்பிரஸ் இரண்டும் இரவு வண்டிகள், காலையில் கொண்டுபோய் விடும். எழும்பூர் நிலையத்தில் கட்டுமான வேலை நடப்பதால் சில வண்டிகளைத் தாம்பரத்திலிருந்து விட்டதுண்டு. டிக்கெட்டில் ஏறும் நிலையத்தின் பெயரைக் கிளம்பும் அன்றும் ஒருமுறை பாருங்கள். நள்ளிரவு தாண்டி ஏறும் நிலையமாக இருந்தால் தேதியையும் பாருங்கள், 12.20 என்றால் அது மறுநாள். பஸ் என்றால் கோயம்பேடு இல்லை, கிளாம்பாக்கம். 2023 கடைசியில் மாறிவிட்டது. வடசென்னையில் இருப்பவர்கள் அங்கே போய்ச் சேரவே இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும்.

ரயிலடியிலிருந்து ஊருக்கு ஆட்டோ, டவுன் பஸ் எது என்று கேட்டு வையுங்கள். ஆனால் "நாங்களே வந்துடறோம்" என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள். கூட்டிப் போக ஆள் அனுப்புவது அவர்களுக்கு ஒரு மரியாதை.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள், இருக்கவே கூடாத ஒரு ஃபைல்

ரயிலுக்கு அசல் அடையாள அட்டை ஒன்று. பிள்ளைகளின் ஆதார். தினசரி மாத்திரை சாப்பிடுபவர்கள் மருந்துச் சீட்டையும் இரண்டு நாள் கூடுதல் மாத்திரையும் எடுத்துக்கொள்ளுங்கள். நம் மாத்திரையின் பெயர் அந்த ஊர் மருந்துக் கடையில் வேறாக இருக்கும். மருத்துவக் காப்பீட்டு அட்டை. ஊரில் அண்ணன் பைக்கை எடுத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஓட்டுநர் உரிமம், அந்த வண்டியின் இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா என்ற விசாரணை, ஹெல்மெட்.

எல்லாவற்றையும்விட உதவிய தாள் நானே எழுதியது. அம்மாவை உட்கார வைத்துக் கேட்டு, யார் யாருக்கு என்ன முறை என்று வரைந்த குடும்பப் படம். முதல்முறை அது இல்லாமல் போனோம். அத்தை மகனை என் மகள் "சித்தப்பா" என்று கூப்பிட்டுவிட்டாள். வீடே சிரித்தது. அவர் அவளுக்கு மாமா. மாமா முறையைச் சித்தப்பா ஆக்கினால் காதுகுத்தில் இருந்து கல்யாணச் சீர் வரை கணக்கே மாறிவிடும் என்று அவரே விளக்கினார். பிள்ளைகளுக்கு ரயிலில் சொல்லிக்கொடுங்கள். என் அப்பாவின் அண்ணன், தம்பி மகன்கள் எல்லாம் எனக்கு அண்ணன், தம்பி. அதனால் உங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா. என் அப்பாவோடு கூடப் பிறந்த அத்தையின் மகன்கள் மட்டும் மாமா. பணம், மருந்துக்கு அடுத்தபடி இதைத்தான் முக்கியமாகச் சொல்வேன்.

இனி கொண்டுபோகக் கூடாத ஃபைல். நிலத் தாள்கள்.

அப்பா பெயரில் இருந்த பங்குக்குப் பட்டா மாற்றவில்லை. எப்படியும் ஊருக்குத்தானே போகிறோம், போகிற கையோடு கிராம நிர்வாக அலுவலரையும் பார்த்துவிடலாம் என்று அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பழைய பத்திர நகல் எல்லாவற்றையும் ஒரு நீல ஃபைலில் போட்டு எடுத்துப்போனேன். பையிலிருந்து துண்டு எடுக்கும்போது ஃபைல் வெளியே வந்தது. பெரியம்மா பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலையிலிருந்து எல்லோரும் கொஞ்சம் கவனமாகப் பேசினார்கள். பதினான்கு வருடம் கழித்து வந்தவன் பையில் பத்திரம் இருந்தால் யார்தான் என்ன நினைப்பார்கள்? பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான்.

நில வேலையை நீங்கள் விட்டுவிட வேண்டியதில்லை. இந்தப் பயணத்தோடு கலக்காதீர்கள், அவ்வளவுதான். பட்டா, சிட்டாவைத் தமிழக அரசின் இ-சர்வீசஸ் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்து வீட்டிலிருந்தே இலவசமாகப் பார்க்கலாம். வில்லங்க விவரத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் பார்க்கலாம். வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்கலாம். அது வட்டாட்சியர் அலுவலகம் வழியாக வரும். இவற்றை எல்லாம் முடித்து வைத்துக்கொண்டு, அப்புறம் வேறொரு நாள் பெரியப்பாவிடம் போனில் சொல்லிவிட்டு, தனியாக, பிள்ளைகள் இல்லாமல் போங்கள். நான் இரண்டாம் வருடம், குடும்பத்தோடு போனது தவிர இன்னொரு நாள், அப்படித்தான் போனேன். கிராம நிர்வாக அலுவலகத்துக்குப் பெரியப்பாவே கூட வந்தார். "இதை அன்னைக்கே சொல்லியிருந்தா அன்னைக்கே முடிச்சிருக்கலாமே" என்றார். அன்றைக்குச் சொல்லியிருந்தால் முடிந்திருக்காது, அது அவருக்கும் தெரியும்.

5. வாங்கிப் போவது, ஆகும் செலவு

மூன்று வீடு என்றால் மூன்றுக்கும் ஒரே அளவு, ஒரே கடை. ஒரு வீட்டுக்கு ஒரு கிலோ இனிப்பு, இன்னொன்றுக்கு அரைக் கிலோ என்றால் அது மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். இனிப்பு, காரம், பழம், பூ. வயதானவர்களுக்கு ஒரு துண்டோ ஹார்லிக்ஸோ. பழத்தையும் பூவையும் சென்னையிலிருந்து சுமக்க வேண்டாம், கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வாங்கிக்கொள்ளலாம். உங்களிடம் பழையதாகிவிட்ட துணிகளை "அங்கே யாருக்காவது ஆகும்" என்று கட்டிக்கொண்டு போகாதீர்கள். தயவுசெய்து.

அத்தை தனிக் கணக்கு. அப்பா உயிரோடு இருந்தவரை பொங்கல் சீர் அனுப்பியிருப்பார். இப்போது அந்த இடத்தில் நீங்கள். புடவை, வேட்டி, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து. தொகை முக்கியமில்லை, வருவதுதான் முக்கியம்.

நான்கு பேருக்கு எனக்கு இரண்டாம் முறை ஆன செலவு: ஸ்லீப்பரில் போய்வர 2,200, ஆட்டோ 900, மூன்று வீட்டுக்கு 2,700, அத்தை சீர் 3,000, குலதெய்வக் கோயிலில் அபிஷேகம், பொங்கல் எல்லாம் சேர்த்து 1,600, ஊர்ப் பிள்ளைகள் பதினோரு பேருக்குத் தலைக்கு நூறு, சில்லறைச் செலவு 1,000. ஆக 12,500. முதல்முறை இதில் பாதிதான் திட்டமிட்டிருந்தேன். சீரும் பிள்ளைகள் பணமும் என் மனதிலேயே இல்லை. ஊர்க் கடையில் ஜிபே இருக்கிறது, சிக்னல் எப்போதும் இருப்பதில்லை. ஏடிஎம் டவுனில்தான். நூறு ரூபாய் நோட்டுகளாக மாற்றி எடுத்துப் போங்கள்.

6. துக்கம் நடந்த வீடு இருக்கிறதா என்று கேளுங்கள்

பங்காளி வீட்டில் ஒரு வருடத்துக்குள் யாராவது இறந்திருந்தால் அவர்கள் பொங்கல் வைக்க மாட்டார்கள். அந்த வீட்டுக்குக் கரும்பும் இனிப்புமாகப் போய் நிற்பது போல் சங்கடம் வேறில்லை. ஊரில் இறங்கியதும் முதலில் அங்கே போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வந்துதான் மற்ற வீடுகள். அங்கிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லாதீர்கள். பேசாமல் எழுந்து வருவதுதான் வழக்கம். அப்பா சாவுக்கு வந்தவர்கள் யார் யார் என்று அம்மாவிடம் கேட்டு வைத்தால் இன்னும் நல்லது.

7. வயலில் இறங்குமுன்

அறுத்த வயல் காலியாகத்தான் இருக்கிறது என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன். நெல்லின் அடித்தாள் மட்டும் நின்ற வயலில் பிள்ளைகளோடு கிரிக்கெட் ஆட ஸ்டம்ப் நட்டேன். தூரத்திலிருந்து சித்தப்பா கத்திக்கொண்டே ஓடி வந்தார். அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்பே, நெல் நிற்கும்போதே ஈர மண்ணில் உளுந்தோ பயறோ தெளித்துவிடுவார்கள். அறுவடை முடியும்போது அது தாளுக்கு நடுவே முளைத்திருக்கும். இரண்டு இலை அளவுக்குத்தான் இருக்கும், நம் கண்ணுக்குப் படாது. எந்த வயலில் இறங்கலாம் என்று கேட்டுவிட்டு இறங்குங்கள்.

வரப்பில் நடுவில் நடங்கள். ஓரம் நண்டு வளையால் உள்ளே பொள்ளலாக இருக்கும், கால் வைத்தால் சரியும். சரிந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போகும், அதை மண்வெட்டியோடு வந்து அணைப்பது நீங்கள் இல்லை. களத்தில் செருப்பைக் கழற்றுங்கள். நெல் குவியலை மிதிக்க, தாண்ட விடாதீர்கள். மாட்டுக்குப் பின்னால் நிற்கக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு வண்டியிலேயே சொல்லுங்கள். மருந்து அடித்த வயல் எது என்று கேளுங்கள்; அன்று அந்தப் பக்கம் போக வேண்டாம், காலி டப்பாக்களைப் பிள்ளைகள் தொட வேண்டாம்.

போர் செட்டில் குளிப்பது எல்லோருக்கும் ஆசை. மும்முனை மின்சாரம் எந்த நேரம் இருக்கிறதோ அந்த நேரம்தான் மோட்டார் ஓடும். உங்களுக்காகப் போடச் சொல்லாதீர்கள், அவர்கள் தண்ணீர் பாய்ச்சும்போது போய் நில்லுங்கள். மோட்டார் கொட்டகைக்குள் ஈரக் கையோடு யாரும் நுழைய வேண்டாம். கிணறோ குளமோ இருந்தால் பிள்ளைகளுடன் ஒரு பெரியவர், எந்நேரமும்.

8. பாம்பு

பயமுறுத்த அல்ல, ஆனால் நெல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் பாம்பு இருக்கும். இருட்டிய பிறகு டார்ச் இல்லாமல் கொல்லைக்குப் போகாதீர்கள். வைக்கோல் போரில் பிள்ளைகள் ஏறி விளையாட வேண்டாம். தரையில் பாய் விரித்துப் படுப்பது சுகம்தான், ஆனால் கட்டுவிரியன் ராத்திரியில் தூங்குபவர்களைக் கடிக்கும், வலி கூடத் தெரியாது. கட்டில், அதற்கு மேல் கொசுவலையை ஓரம் செருகிக்கொண்டு படுங்கள்.

கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். எலும்பு முறிந்தால் வைப்பது போல அந்தக் கையையோ காலையோ அசையாமல் வைத்து, கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு. பாம்பைத் தேடிப் பிடித்துக்கொண்டு வர வேண்டியதில்லை. கடிக்கு மந்திரிக்கும் தாத்தா ஊரில் இருப்பார். அவரிடம் ஊசி போட்ட பிறகு போய் ஆசீர்வாதம் வாங்கிக்கொள்ளலாம்.

9. சாப்பாடு

"சாப்பிட்டாச்சு" செல்லாது. ஒவ்வொரு வீட்டிலும் காபி உண்டு. போனதும் "அரை டம்ளர் போதும் சித்தி" என்று நீங்களே சொல்லிவிட்டால் பிழைத்தீர்கள். என் மனைவி முதல் நாள் ஏழு முழு டம்ளர் குடித்தாள். பிள்ளைகளுக்குக் காய்ச்சி ஆறிய தண்ணீர் கேட்பது தவறில்லை. பாட்டில் தண்ணீரை அட்டைப் பெட்டியோடு இறக்குவதுதான் கண்ணை உறுத்தும். அடுப்படியில் வேலை செய்யும் பெண்களோடு உங்கள் வீட்டுப் பெண்களை மட்டும் அனுப்பிவிட்டு நீங்கள் திண்ணையில் கால் நீட்டாதீர்கள். இலை எடுக்கலாம், தேங்காய் உரிக்கலாம். "நீ உட்காருப்பா" என்பார்கள், உட்காராதீர்கள்.

10. திரும்பும் நாள்

ஒரு காலிப் பையோடு போங்கள். திரும்பும்போது அரிசி, உளுந்து, தேங்காய், வாழைக்காய், அத்தை தட்டிய முறுக்கு எல்லாம் சேரும். ஸ்லீப்பரில் ஆளுக்கு 40 கிலோ வரை இலவசம், அதனால் ரயிலுக்குப் பிரச்சினை இல்லை. தாம்பரத்தில் இறங்கிப் படி ஏறும் உங்கள் முதுகுக்குத்தான். வேண்டாம் என்று சொல்லாதீர்கள், "பாதி போதும்" என்று சொல்லலாம், அதுவும் கேட்க மாட்டார்கள். காசு கொடுக்க முயலவே கூடாது. நான் அரிசிக்கு இரண்டாயிரத்தைச் சித்தி கையில் திணித்தேன். அவர் அதைச் சின்னவன் சட்டைப் பையில் போட்டு அனுப்பிவிட்டார், விழுப்புரம் தாண்டித்தான் பார்த்தோம்.

உளுந்தை வெயிலில் இரண்டு நாள் காய வைத்து டப்பாவில் போடுங்கள், இல்லையென்றால் வண்டு வரும். வீட்டுக்குள் நுழைந்ததும், பை பிரிப்பதற்கு முன்பே, மூன்று வீட்டுக்கும் தனித்தனியாகப் போன் செய்யுங்கள். முதலில் பெரியப்பாவுக்கு.